பூதக்கோட்டை விதிகளைச் சுருக்கிய கதை

மந்தமங்கலம் என்று ஒரு ஊர். வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்தவருக்கு அந்த ஊர்க்காரர்களே வழி சொன்னார்கள். மனுஷன் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த ஊரில் ஓடாத அரிசி மில் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு பேர் அங்கே கூடி 'பூதக்கோட்டை' ஆடுவார்கள். சீட்டும் இல்லை, கட்டமும் இல்லை. ஒருத்தர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஒருத்தன் 'கதவை உடைக்கிறேன்' என்றால் பகடையை உருட்டி, தலையணைத் தடிமனில் இருக்கிற விதிப்புத்தகத்தைப் புரட்டி, கதவு உடைந்ததா, தோள்பட்டை உடைந்ததா என்று பார்க்க வேண்டும். எல்லாம் வாயால்தான். பூதமும் வாய்தான், கோட்டையும் வாய்தான்.

கதையை நடத்துகிறவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. தச்சு வேலை செய்கிற மாசானம், ஆட்டத்தில் மந்திரவாதி. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பிச்சைக்கனி, ஆட்டத்தில் திருடன். நாலாவது ஆள் தவசிக்கண்ணு. அவன்தான் வீரன். வீட்டில் பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்வான். அது வேறு விஷயம்.

தவசிக்கு ஒரே ஒரு கவலை. சித்திரை மாதம் அவனுடைய வீரன் பூதக்கோட்டைக் கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கினான். இப்போது ஆவணி. இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறான். கயிறு ஏறுகிற பக்கத்தைப் புரட்டினால், 'ஆளின் எடையைப் பார்க்கவும்' என்று போட்டிருந்தது. எடைப் பக்கத்தில், 'உடுப்பைப் பார்க்கவும்.' உடுப்புப் பக்கத்தில், 'கயிறு ஏறுவதைப் பார்க்கவும்.' பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏறி முடிக்கிற வரைக்கும் தவசிக்கு முறை கிடையாது. மற்றவர்கள் பூதத்தை வெட்டுவார்கள், புதையல் எடுப்பார்கள். இவன் ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பான்.

"ஏங்க, இந்த விறகைப் பொளந்து போடுங்க," என்பாள் பெண்டாட்டி பேச்சி.

"ஒத்தக் கையாலயா? இடது கையில கயிறு பிடிச்சிருக்கேன்லா. விட்டா வீரன் செத்தான்," என்பான் தவசி. சித்திரையிலிருந்து அந்தக் கையை மூடியேதான் வைத்திருந்தான். குளிக்கும்போதுகூட.

கடைசியில் நாலு பேரும் சேர்ந்து தாமோதரன் சாருக்கு போன் போட்டார்கள். அவர்தான் முன்பு அந்த ஊரில் குடியிருந்தபோது ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, மாற்றலாகிப் போகையில் புத்தகத்தை விட்டுப் போனவர். சார் அப்போது பஸ்ஸில் இருந்தார்.

"அது அரதப் பழசான விதியப்பா! சுருக்கிடுங்க," என்றார். "ஒரே விதி ரெண்டு இடத்துல இருந்தா அடிச்சிடுங்க. விதியும் இருந்து அதுக்கு விலக்கும் இருந்தா, ரெண்டுல சின்னதை மட்டும் வைங்க. அப்புறம் பை நிறையப் பகடை எதுக்கு? ஒண்ணு போதும். முகம் குறையக் குறைய ஆட்டம் சுலபம்."

பஸ் மலைப்பாதைக்குள் போனது போல. அதற்குமேல் கேட்கவில்லை. கேட்ட மட்டும் போதாதா?

முதல் வேலையாக, 'செத்தவன் எழுந்து வரக் கூடாது' என்ற விதி முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் இருந்தது அகப்பட்டது. பிச்சைக்கனி பேனாவைத் திறந்தான்.

"எதைவே அடிக்க?"

"பின்னால இருக்கதை அடி," என்றான் மாசானம்.

"அதென்ன நியாயம்?" என்றார் அண்ணாச்சி. "அது இதுக்கு ரெட்டைன்னா, இதுவும் அதுக்கு ரெட்டைதானே? ஒண்ணை அடிச்சு ஒண்ணை விட்டா ஓரவஞ்சனையாப் போயிரும்."

ரெண்டையும் அடித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பூதத்தை நாலு தரம் கொன்றார்கள். நாலு தரமும் அது எழுந்து உட்கார்ந்து, "அடுத்து யாரு?" என்று கேட்டது. பூதத்துக்காகப் பேசின அண்ணாச்சிக்கே வெட்கமாகப் போயிற்று.

அடுத்தது விலக்கு. விதி எப்போதும் நீளம், விலக்கு குட்டை. ஆகவே விதிகளையெல்லாம் அடித்துவிட்டு விலக்குகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புத்தகம் ஊதினால் பறக்கிற அளவுக்கு இளைத்தது. தவசி ஆசையாகக் கேட்டான்:

"அண்ணாச்சி, கயிறு ஏறுறதுக்கு இப்ப என்ன போட்டிருக்கு?"

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். "'ஈரக் கயிறானால் கூடாது.'"

"என்ன கூடாது?"

"அதை அடிச்சாச்சுவே. ஆனா கூடாது. அது மட்டும் நிச்சயம்."

"என் கயிறு காஞ்ச கயிறுதான்!"

"அப்ப உனக்கு விதியே இல்லடா, யோகக்காரன்! பகடையை உருட்டு, ஏறு."

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பகடையைச் சுருக்க வேண்டியது பாக்கி. மாசானம் வேப்பங்கட்டையில் செதுக்கின இருபது முகப் பகடையை எடுத்து, உப்புத்தாளால் ஒவ்வொரு முகமாகத் தேய்த்துக் குறைத்தான். தேய்க்கத் தேய்க்க அது உருண்டையாகி, கடைசியில் கோலிக்குண்டு மாதிரி வந்து நின்றது.

"முகத்தை எண்ணு, பிச்சை."

பிச்சைக்கனி விரலால் சுற்றிச் சுற்றித் தடவினான். "ஒரே முகம்தான் அண்ணாச்சி. எங்க தொட்டாலும் அதே முகம்தான் வருது."

"இதைவிடச் சுலபம் உலகத்துல கிடையாது," என்றார் அண்ணாச்சி.

தவசி குலசாமியை நினைத்துக்கொண்டு வலது கையால் உருட்டினான்.

பகடை உருண்டது. நிற்கவில்லை. மில் வாசலைத் தாண்டித் தெருச் சரிவில் இறங்கியது. விலக்கும் இல்லாமல் ரெட்டையும் இல்லாமல் தப்பிப் பிழைத்த விதி ஒன்று புத்தகத்தில் இருந்தது: 'பகடை நிற்கும் முன் தொடக் கூடாது, நின்ற இடத்திலேயே படிக்க வேண்டும்.' ஆகவே நாலு பேரும் சாமி சப்பரத்துக்குப் பின்னால் போகிற மாதிரி கைகட்டிப் பின்னாலேயே நடந்தார்கள்.

"என்னவே, என்ன ஊர்வலம்?" என்றார் டீக்கடைக்காரர்.

"தவசியோட வீரன் கிணத்துல இருந்து ஏறுதான்!"

"அப்படியா! நல்லபடியா ஏறட்டும்," என்று அவரும் கும்பிட்டார். அவரும் அந்த ஊர்தானே.

வழியில் ஒரு கோழி பகடையைக் கொத்தியது. ஊர்வலம் நின்றது. கோழி தொட்டால் தீட்டா இல்லையா என்று பேசி, கோழி ஆட்டத்தில் சேரவில்லை, அதனால் பாதகமில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்குள் பகடை செல்லையா தோட்டத்துக் கிணற்றில் 'டுபுக்' என்று விழுந்துவிட்டது.

எட்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் மிதந்தது.

"நின்ன இடத்துலயே படிக்கணும். யாரு உருட்டினானோ அவன்தான் இறங்கணும்," என்றார் அண்ணாச்சி.

தவசி வேட்டியை மடித்துக் கட்டினான். கிணற்றடியில் கிடந்த கயிற்றைப் பிடித்தான். மற்ற மூன்று பேரும் மேலே பிடித்து மெல்ல இறக்கினார்கள். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கியபடி பகடையை உற்றுப் பார்த்தான்.

"ஒரு முகம் தெரியுது அண்ணாச்சி!"

"மொத்தமே ஒண்ணுதான், அந்த ஒண்ணும் தெரிஞ்சிருக்கு! இதுக்கு மேல ஜெயிக்க ஒண்ணுமில்ல. வீரன் ஏறிட்டான்டா!"

மேலே ஒரே கைதட்டல். சித்திரையிலிருந்து ஆவணி வரை தொங்கினவன் கரையேறிவிட்டான். தவசி தேம்பித் தேம்பி அழுதான். "அப்ப அடுத்த முறை என்னுதா அண்ணாச்சி?"

"உன்னுதேதான்! ஏறி வா. தூக்குங்கலே!"

தூக்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்துப் பேச்சி குடத்தோடு வந்தாள். கிணற்றுச் சுவரோடு இருக்கிற கல்படியில் விறுவிறுவென்று இறங்கினாள், குடத்தை முக்கினாள், இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் புருஷன் தொங்குவது கண்ணில் பட்டது.

"இம்புட்டு அகலப் படி இருக்கு, கயித்துல என்ன தொங்கல்?"

"படிக்கு விதி கிடையாது பேச்சி. கயித்துக்குத்தான் இருக்கு."

பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த வேகத்தில் குடம் சாய்ந்தது. தண்ணீர் தவசி தலையிலும் கயிற்றிலும் சளப்பென்று கொட்டியது.

"ஈரக் கயிறு!" என்று அலறினான் பிச்சைக்கனி.

"கூடாது!" என்றான் மாசானம்.

"கூடவே கூடாது!" என்றார் அண்ணாச்சி.

எது கூடாது என்று தெரியாததால், தூக்குகிறதையும் நிறுத்தினார்கள், இறக்குகிறதையும் நிறுத்தினார்கள். கயிறு காய வேண்டும். கிணற்றுக்குள் வெயில் ஏது? சாரைக் கேட்கலாம் என்றால் அவருடைய பஸ் இன்னும் மலையிலேதான் இருக்கிறது போல.

பேச்சிக்கு இப்போது குறை ஒன்றுமில்லை. வீரன் ஏறிவிட்டதால் தவசிக்கு ரெண்டு கையும் ஓய்ந்துவிட்டது. மத்தியானம் பசித்ததும் கயிற்றை விட்டுவிட்டுப் படியேறி வீட்டுக்குப் போகிறான். சாப்பிட்டு, விறகைப் பொளந்து போட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு, மறக்காமல் படியிறங்கி வந்து கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொள்கிறான்.

அவன் திரும்பி வருகிற வரைக்கும் மேலே மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். விட்டால் தவசி கிணற்றில் விழுந்துவிடுவானே!