கணக்குப் பீரியடில் ஒரு கருத்து

கோணக்கல்பட்டி அரசுப் பள்ளியில் வாத்தியார்கள் மூணே பேர். மூணு பேரும் தங்கமான மனுஷங்க. மூளையை மட்டும் வீணாகச் செலவழிக்க மாட்டார்கள்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: ‘மாணவர்கள் தங்கள் கருத்தை அச்சமின்றிச் சொல்லலாம். பாடத்துக்கு மட்டும் இடைஞ்சல் வரக் கூடாது.’

பத்தாம் வகுப்புக் கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை. ஜூன் மாசத்திலிருந்து அவள் வகுப்புக்குக் கணக்கு வாத்தியாரே கிடையாது. மார்ச்சில் பரீட்சை. நேரே ஹெட்மாஸ்டர் ஏகாம்பரத்திடம் ஓடினாள்.

“சார், ஒரு கருத்து!”

“ஐயையோ, இரும்மா! பக்கத்து ரூம்ல தமிழ்ப் பாடம் நடக்குது. அங்க காதுல விழுந்தா இடைஞ்சல்.”

இதைப் பற்றி ஆலோசிக்க, நடந்துகொண்டிருந்த பாடத்தை அப்படியே போட்டுவிட்டுத் தமிழய்யா ஓடி வந்தார். பி.டி. சாரும் வந்தார்.

“யார் காதுலயும் விழாத இடத்துல சொல்லட்டுமே,” என்றார் தமிழய்யா.

“ஏரிக்கரை!” என்றார் பி.டி. சார்.

“பலே! ஆனா, சொன்னாளா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றார் ஹெட்மாஸ்டர்.

“வாய் அசையுதான்னு நான் பார்த்துக்கறேன் சார்.”

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பி.டி. சாரும் கூடவே போனார். கோகிலவாணி தொண்டை கிழியக் கத்தினாள். கொக்கெல்லாம் பறந்தது. வாய் நன்றாகவே அசைந்ததாக அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“நான் என்ன கேட்டேன்னு தெரியுமா சார்?” என்றாள் திரும்பி வந்து.

“அது உன் சுதந்திரம்மா. அதுல நாங்க தலையிடலாமா?” என்றார் ஹெட்மாஸ்டர்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. மறுநாள் காலையில் வந்து நின்றாள்.

“சார், கணக்குப் பீரியட்ல எங்களுக்குப் பாடமே நடக்கல. அப்போ பேசினா எதுக்கு இடைஞ்சல்?”

அட, ஆமாம்! மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “நீ எங்கேயோ போகப்போறே தாயி!”

மூன்றாம் பீரியடில் மூவரும் முன்பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தார்கள். கோகிலவாணி எழுந்து வாயைத் திறக்கவும், வாசலில் பையும் கையுமாக ஒரு ஆள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“வணக்கம் சார். நான் புதுக் கணக்கு வாத்தியார். இந்தப் பீரியட் எனக்குத்தானாமே?”

ஹெட்மாஸ்டர் துள்ளி எழுந்தார். “என்ன சார் நீங்க! இந்த நேரத்துல நீங்க பாடம் நடத்தினா இந்தப் பிள்ளை எப்போ பேசும்? கிளம்புங்க, கிளம்புங்க!”

“ஐயோ சார், அவரைத்தான்…” என்று கோகிலவாணி அலறினாள்.

“பார்த்தீங்களா, பிள்ளை எப்படி மிரண்டுட்டா!”

பி.டி. சார் அந்த ஆளைத் தள்ளிக்கொண்டே போய் பஸ்ஸில் ஏற்றி, வண்டி கண்ணுக்கு மறைகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

“அப்பாடா, தொல்லை விட்டது,” என்று ஹெட்மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கையைக் கட்டி உட்கார்ந்தார்.

“இப்போ பயப்படாமச் சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?”