கிளாரினெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவன்

"குழலில் போன மூச்சு கூட்டுக்குத் திரும்பாது" என்று பெரியப்பா சொல்வார். இல்லை, கூட்டை விட்ட மூச்சு குழலுக்கும் ஆகாது என்றா சொன்னார்? பூலிங்கத்துக்குச் சரியாக நினைவில்லை. ஊதுகிறவனுக்கு ஆயுசு கட்டை என்பது மட்டும் மனதில் தங்கியிருந்தது.

அவன் கிளாரினெட் பெட்டியைச் செல்லக்கனியின் முன்னால் வைத்தான்.

"இதை நீங்களே வச்சுக்கிடுங்க மாஸ்டர். மகன் கொம்பையாவும் இனி வரமாட்டான்."

செல்லக்கனி பேண்டு செட்டை நடத்துகிறவள். பூலிங்கத்தைவிட ஆறு வயது இளையவள். அவனுக்கும் அவன் மகனுக்கும் கிளாரினெட் பழக்கிவிட்டது அவள்தான். ஊரே அவளை மாஸ்டர் என்றது. அவள் தன் மாணவனை அண்ணே என்றாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"இருமல். படுத்தா மூச்சு ஏற மாட்டேங்கு. ஊதி ஊதி நெஞ்சு தேஞ்சு போச்சுன்னு கம்பெனி டாக்டர் சொல்லிட்டாரு."

"ஊதுறதை விட்டு எத்தனை வருஷம் ஆச்சுண்ணே?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"இருமல் குறைஞ்சிருக்கணுமே."

"கூடிட்டுல்லா போகுது."



"வேற என்னல்லாம் சொல்லுதாங்க?"

"கண்ணு பிதுங்கிரும்ங்காங்க. குடல் இறங்கிரும்ங்காங்க. ஊதுற ஆம்பளைக்கு வாரிசு நிக்காதாம்."

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நாலு."

"நாலும் நிக்கலையாம்னு வீட்டுல முப்பிடாதி மதினிகிட்ட சொல்லிப் பாருங்க. விளக்குமாறு வரும்."

பூலிங்கம் சிரிக்கப் பார்த்தான். சிரிப்புக்கு முன்னால் இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"விளையாட்டு இல்ல மாஸ்டர். என் மச்சான் சுடலைமணி இருமியே போனான். அவன் ட்ரம்பெட். ஞானமுத்து போனாரு. அவரும் ட்ரம்பெட்."

"அந்தோணி?"

"அவனும் இருமித்தான் போனான்."

"அவன் என்ன ஊதினான்?"

பூலிங்கம் யோசித்தான். அந்தோணி டிரம் அடித்தவன்.

"அவன் பீடி குடிப்பான்."

"ஞானமுத்து பீடியைக் கையாலயும் தொட்டதில்லையே."

"அவருதான் ஊதினாரே!"

செல்லக்கனி அதற்குமேல் வாதாடவில்லை.

"கொம்பையா எங்க?"

அப்போதுதான் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கிரஷர்ல சேர்த்துட்டேன். என் இடத்தையே அவனுக்குக் கொடுத்தாச்சு. மாட்டேன்னுதான் நின்னான். ஊதமாட்டேன்னு அவங்க அம்மா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. என் நெஞ்சு போனது போகட்டும். அவன் நெஞ்சாவது தப்பிச்சுதே."

கல்லை உடைத்து ஜல்லியாக்கும் அந்தக் கிரஷரில் அப்படி ஒரு வழக்கம். அப்பனுக்கு முடியாமல் போனால் மகன் அந்த இடத்தில் நிற்கலாம். மேஸ்திரிக்கு ஆள் நின்றால் போதும். அப்பனா மகனா என்று கேட்கமாட்டார். இடம் இருக்கும்வரை கம்பெனியின் லைன் வீடு இருக்கும். இடம் போனால் வீடும் போகும். பேண்டு செட்டில் பாதிப் பேருக்கு, இருமிப் போன மூவருக்கும்கூட, அங்கேதான் வேலை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வேறு எங்கே போவது?

செல்லக்கனி கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்தாள்.

"கொம்பையா நிக்கிற இடத்துல, அவன் முகத்து உயரத்துக்கு இதைக் கட்டச் சொல்லுங்க. காய்ஞ்சா தண்ணி தெளிக்கணும். நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

"மந்திரிச்சதா மாஸ்டர்?"

"குழாய்த் தண்ணிண்ணே."

மறுநாள் சாயங்காலம் அவன் துண்டைக் கொண்டுவந்தான். அது வறட்டிபோல விறைத்திருந்தது.

அவள் அதை ஒரு சட்டித் தண்ணீரில் அலசினாள். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

தண்ணீர் மெல்லத் தெளிந்தது. அடியில் ஏதோ சாம்பல் நிறத்தில் இறங்கிப் படிந்தது.

தெளிந்ததை அவள் வாசலில் கொட்டினாள். அடியில் நின்றதை ஒரு தம்ளரில் வழித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"குடிங்கண்ணே."

"என்ன மாஸ்டர் இது, கல்மாவுல்லா!"

"கொம்பையா குடிக்கானே."

பூலிங்கம் தம்ளரை வாங்கினான். கீழே வைக்கத் தோன்றவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தான்.

"முந்தியே ஏன் சொல்லல?"

"ஊதினதால இல்லன்னு மூணு சாவு வீட்டுலயும் சொன்னேன். ஊதுறவ வேற எப்படிச் சொல்லுவான்னாங்க."



"அப்ப ஊதினதால எனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"உதடு வலிச்சிருக்கும்."

"அப்படின்னா, மறுபடி ஊதினா நெஞ்சு தேறுமா மாஸ்டர்?"

"தேறாதுண்ணே."

"கொஞ்சமாவது?"

அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

"விடச் சொன்னாங்க, விட்டேன்" என்றான் பூலிங்கம். "விடுறதுக்கு எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்தது."

அவள் அவன் கையிலிருந்து தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இடத்தை விட்டா வீடு போயிரும். சின்னதுகளைக் கூட்டிட்டு எங்க போவேன்? என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"தெரியலண்ணே."

"நீங்களே தெரியலைன்னா?"

"தெரிஞ்சா மூணு பேருக்குச் சொல்லியிருக்க மாட்டேனா?"

அவன் எழுந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தான். அது பாதியில் நின்றது. வீட்டுக்குப் போனான்.

காலையில் கொம்பையா வேலைக்குக் கிளம்பி, தலைத்துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். பூலிங்கம் அதை அவிழ்த்துத் தன் தலையில் கட்டிக்கொண்டான்.

"நீ மாஸ்டர் வீட்டுக்குப் போ."

"அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்ப்பா."

"அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். போ."

முதல் சங்கு ஊதியபோது பூலிங்கம் கிரஷரில் தன் பழைய இடத்தில் நின்றான்.