பெருங்கொம்பனின் காய்ந்த மார்பு

சாம்பன் என்ற கவரிமாடு தன் மனைவி செவலியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது கணவாயின் அடிவாரத்தில். வரிசையின் முன்னால் போய் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசியில் வருகிறோம் என்று தூங்கிவிடாதீர்கள். கன்றுகளைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்றாள்.

அந்த மலையில் அப்படியொரு பனிப்புயலை யாரும் கண்டதில்லை. மேய்ச்சல் நிலம் மூடிவிட்டது. கணவாயைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறங்கினால்தான் கூட்டம் பிழைக்கும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் மாடு மார்பால் பனியைப் பிளந்து தடம் போடும். மற்றவை அதே தடத்தில் வரும். முதல் மாடு களைத்ததும் இரண்டாவது மாடு குரல் கொடுக்கும்; முதல் மாடு ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வந்துவிடும். இரண்டாவது மாடு முன்னால் போகும். அன்று இரண்டாவதாக நின்றவன் பெருங்கொம்பன்.

வெகுநேரமாகியும் செவலி கடைசிக்கு வரவில்லை. புயலில் முன்னால் எதுவும் தெரியவில்லை.

"செவலியை மாற்றச் சொல்" என்று தனக்கு முன்னால் நடந்த மாட்டிடம் சாம்பன் சொன்னான். ஒருவர் சொல்லி ஒருவராக அது முன்னே போனது. பதிலும் அப்படியே வந்தது.

"அவளுக்குக் களைப்பே இல்லையாம்."

மறுபடியும் சொல்லி அனுப்பினான்.

"அவரைக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு வரச் சொல் என்று சிரிக்கிறாளாம்."

அது அவள் பேச்சு மாதிரியே இருந்தது. சாம்பன் நம்பினான்.

இறக்கத்தில், ஆழப்பனி முடிகிற இடத்தில், தடம் ஒரு பனிமேட்டைச் சுற்றி வளைந்து போனது. பாறை என்று நினைத்து, கன்றுகள் இடறாமல் ஒதுக்கி நடத்திப் போனான்.

பள்ளத்தாக்கில் புல் தெரிந்தது. பெருங்கொம்பன் ஒரு திட்டில் ஏறி நின்றான்.

"பார்த்தீர்களா? ஒரு கன்றுகூடக் குறையாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்."

"செவலி எங்கே?" என்றான் சாம்பன்.

"இறக்கத்தில் விழுந்துவிட்டாள், பாவம். ஒதுங்கு ஒதுங்கு என்று சொல்லிப் பார்த்தேன். பிடிவாதக்காரி, கேட்டால்தானே?"

"எப்போது சொன்னாய்?" என்றாள் பெருங்கொம்பனுக்குப் பின்னால் நடந்து வந்த குட்டைவாலி. "சாம்பன் சொல்லி அனுப்பியதை இரண்டு தடவையும் நான்தான் உன் காதில் போட்டேன். நீ அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதிலை நீயே சொன்னாய்."

"அப்போதே கேட்டிருக்கலாமே, மகராசி?" என்றான் பெருங்கொம்பன்.

குட்டைவாலி தலை குனிந்தாள். "நடக்கத் தடம் கிடைத்தது. பேசாமல் வந்துவிட்டேன்."

சாம்பன் பெருங்கொம்பனின் நேர் எதிரே போய் நின்றான். பனியைப் பிளந்து வந்த மாட்டின் மார்புச் சடையில் பனி கட்டிகட்டியாக உறைந்து தொங்கும். பெருங்கொம்பனின் மார்பு காய்ந்து கிடந்தது.

"அவள் சொன்ன சொல்லையே எடுத்து என் வாயை அடைத்திருக்கிறாய். அடுத்த பனிக்கு நீ முன்னால் போ. உனக்குப் பின்னால் நான் வருவேன். நின்றால் குத்துவேன்."



தன் முறை வந்தும் பேசாமல் பின்னால் நடப்பவன், முன்னால் போகிறவரைக் கொல்கிறான்.

கோடையில் பனி உருகியபோது, தடம் வளைந்த இடத்தில் பாறை எதுவும் இல்லை. செவலியின் கொம்புகள் கிடந்தன.