குளத்தங்கரைப் பைன் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மரம் செடிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. அதுவும் சும்மா வாயா, ஓயாத வாய்! ஜப்பான் தேசத்தில், பனி கொட்டுகிற ஓர் ஊரில், ஊரார் எல்லாரும் வந்து உலாவுகிற தோட்டம் ஒன்று. அதைப் பராமரித்த தொகிச்சி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வசந்தம் வந்தால் செர்ரி, "என்னைப் பார்க்க இன்னும் யாரும் வரலையா?" என்று உயிரை வாங்கும். மழைக்காலத்தில் குளத்தோரத்து ஐரிஸ் பூச்செடி, "காலுக்குத் தண்ணி பத்தலை" என்று முனகும். இலை உதிரும் காலத்தில் மேப்பிள், "போன வருஷத்துச் சிவப்பு இந்த வருஷம் இல்லையே" என்று மூக்கைச் சிந்தும்.

குளத்தங்கரைப் பைன் மரத்துக்கு மட்டும் தங்கமான குணம். கிளைகளில் பனி ஏறிக் கனக்கும்போதுதான் வாயைத் திறக்கும். "தொகிச்சி, கை வலிக்குதுப்பா." உடனே அவன் நீள மூங்கிலோடு ஓடிப் பனியைத் தட்டி உதிர்ப்பான். அந்தக் காலத்துத் தோட்ட வேலையே அதுதான், கூப்பிட்டால் ஓடுவது. முன்கூட்டி எதையும் செய்து வைக்கிற வழக்கம் கிடையாது. மரமே வாய்விட்டுச் சொல்லும்போது அதற்கு என்ன அவசியம்?

ஒரு குளிர்காலத்தில், தோட்டத்து ஓரத்து வீட்டில் தொகிச்சியின் மகள் சயோ காய்ச்சலில் விழுந்தாள். தாயில்லாப் பிள்ளை. அவனுக்கும் அவளை விட்டால் நாதியில்லை. கண்ணை மூடினால் அலறிக்கொண்டு விழித்தாள். "தூங்கினால் பிழைப்பாள்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் போய்விட்டார். ஒருநாள் மத்தியானம் அவளுக்கு மெல்லக் கண் அயர்ந்தது. அந்த நேரம் பார்த்தா பனி கொட்ட வேண்டும்!

"தொகிச்சி, கை..." என்று பைன் குரல் கொடுத்ததும் பிள்ளை திடுக்கிட்டாள். தொகிச்சி வாசலுக்கு ஓடினான்.

"பெரியவரே, உமக்குப் புண்ணியமாப் போகும். என் பிள்ளை தூங்கி எழுந்திருக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்!"

"சரிப்பா. நீ போய் அவ பக்கத்துல உட்காரு" என்றது பைன்.

உட்கார்ந்தான். வெளியே பனி விடாமல் கொட்டியது. பைனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லையென்றால் வலியும் இல்லை என்றுதானே அந்தக் காலத்து ஆட்கள் நினைப்பார்கள்? பாவி மனுஷன், நிம்மதியாக இருந்துவிட்டான்.

சாயங்காலம் சயோவுக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கி, "அப்பா, பசிக்குது" என்றாள். தொகிச்சிக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, "பெரியவரே, பிழைச்சுட்டா!" என்று கத்திக்கொண்டு குளத்தங்கரைக்கு ஓடினான்.

குளத்தின் மேல் நீண்டிருந்த பெரிய கிளை முறிந்து பனிக்குள் கிடந்தது. முறிந்த இடத்தில் பிசின் வழிந்துகொண்டிருந்தது.

தொகிச்சி அடிமரத்தைக் கட்டிக்கொண்டு கதறினான். "ஐயோ, முறியறப்பவாவது ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? இப்போ பேசும்! என்னைத் திட்டவாவது செய்யும்!"

பைன் பேசவில்லை. அவ்வளவு வலியையும் விழுங்கிக்கொண்ட அந்த வாய் அதற்கப்புறம் ஒருநாளும் திறக்கவில்லை. மூத்த மரம் வாயை மூடியதைப் பார்த்துச் செர்ரியும் ஐரிஸும் மேப்பிளும்கூட அடங்கிப்போயின; போகப்போக மற்ற ஊர் மரம் செடிகளும் வாயை மூடிக்கொண்டன. தோட்டத்தில் அத்தனை அமைதியைத் தொகிச்சியால் தாங்க முடியவில்லை.

மறுவருஷம் பனி வருமுன்னே, பைனின் அடிமரத்தை ஒட்டி, அதைவிட உயரமான ஒரு கம்பத்தை நட்டான். அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டித் தாங்கலாக நிறுத்தினான்.

அன்று முதல்தான் அந்தத் தேசத்துத் தோட்டக்காரர்கள் முதல் பனி விழுவதற்குள் பைன் கிளைகளையெல்லாம் கயிற்றால் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். எவ்வளவு வலித்தாலும் அது இனிக் கூப்பிடாது என்று அவர்களுக்குத் தெரியும்.