மறுநாள் காலை

"தாயே, இந்த வருஷம் ஊர்க்கூட்டத்துல நான் தீக்கதை சொல்லப் போறதில்லை," என்றார் செங்கோடன்.

அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. குன்றின் மேல் தனியாக வாழ்ந்த துறவி நல்லாத்தாளுக்கு அவருடைய மகள் வயதுதான். இருந்தாலும் மனசு குழம்பினால் அவர் ஏறிப் போவது அங்கேதான்.

"ஏன்?"

"சொன்னா, மறுநாளே எங்க பசங்க ஆத்தைத் தாண்டிப் போய் கீழ்கரைக்காரங்களை அடிக்கிறாங்க. போன வருஷம் ஒருத்தனுக்குக் கண்ணே போச்சு."

"சொல்லாம விட்டா?"

"செத்தவங்களை நானே மறுபடி கொன்ன மாதிரி இருக்கும். அதோட, நாங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாமப் போயிடும். மேல்கரைன்னா வெந்த ஊர். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் நாங்க சொல்லிக் கொடுக்கிறது அதைத்தான்."

நல்லாத்தாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சொல்லுங்க."

செங்கோடன் சொன்னார். கீழ்கரை ஆட்கள் பந்தத்தோடு வந்தது, கூரைகள் பற்றியது, ஓட வழியில்லாமல் வெந்தவர்களின் பெயர்கள், ஒவ்வொன்றாக. கடைசிப் பெயரில் எப்போதும்போல் குரல் உடைந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அவள் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுநாள் காலையில என்ன நடந்துச்சு?"

"அதோட கதை முடிஞ்சுது, தாயே."

"விடியவே இல்லையா?"



செங்கோடன் பிறப்பதற்கு முன்னால் நடந்த அந்தத் தீயைக் கண்ணால் பார்த்து நினைவில் வைத்திருந்தவள் ஊரில் பாவாயி ஒருத்திதான். அப்போது அவள் சின்னப் பெண். செங்கோடன் குன்றிலிருந்து இறங்கி நேரே அவள் வீட்டுக்குப் போனார்.

"மறுநாளா? பசி," என்றாள் பாவாயி. "தாய் செத்துப்போன கைக்குழந்தைங்க கத்திக்கிட்டுக் கிடந்துச்சுங்க. கீழ்கரையிலிருந்து ஒரு பொம்பளை ஆத்துல இறங்கி வந்தா. பிள்ளை பெத்த பச்சை உடம்புக்காரி. சாம்பல் மேலயே உட்கார்ந்து எல்லாத்துக்கும் பால் கொடுத்தா. குருவம்மான்னு பேரு. அவ புருஷனும் பந்தம் பிடிச்சு வந்தவன்தான்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"தீ வந்ததும் எல்லாரும் அழுதுட்டு எழுந்து போயிடுறீங்க. யாரு கேட்டா?"

செங்கோடன் ஆற்றைத் தாண்டிப் போய்க் குருவம்மாவின் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார்.

அந்த வருஷமும் ஊர் கூடியது. தீயைச் சொன்னார். பெயர்களைச் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"உட்காருங்க. இன்னும் விடியலை."

குருவம்மா வந்ததைச் சொன்னார்.

"கீழ்கரைக்காரி பேரை நம்ம செத்தவங்களோட சேர்த்துச் சொல்றதா?" என்று ஒருவன் கத்தினான்.



பின்வரிசையிலிருந்து காளியண்ணன் எழுந்தார். செங்கோடனைவிட மூத்த கிழவர். வருஷா வருஷம் பசங்களுக்குத் தடி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். தீயில் தாயைப் பறிகொடுத்த கைக்குழந்தைகளில் அவரும் ஒருவர்.



"நான் எப்படிப் பிழைச்சேன்னு எனக்கு யாருமே சொன்னதில்லை," என்றார் காளியண்ணன். "அந்த அம்மா பெத்த பிள்ளை... இன்னும் இருக்கானா?"

செங்கோடன் அவர் பக்கம் திரும்பினார்.

"இருக்காருங்க அண்ணே. உங்க வயசுதான்."