பயனிலை இல்லாத கேள்வி

கோடை முற்றிய ஒரு காட்டில் இருவாச்சிப் பறவை ஒன்று வாழ்ந்தது. அது நாள்தோறும் விடியலில் காடு முழுவதும் பறந்து, எந்தச் சுனையில் நீர் ஊறுகிறது, எந்த மரத்தில் பழம் கனிந்திருக்கிறது என்று பார்த்து வரும். பிறகு ஆலமரக் கிளையில் அமர்ந்து, கேட்பவர்க்கெல்லாம் விடை சொல்லும்.

விலங்குகள் வரிசையில் நிற்கும். ஒருவருக்கு ஒரு கேள்வி. அதற்கு விடை சொல்லி முடித்த பிறகே அடுத்தவர் முறை. அதுவே விதி.

ஒருநாள் வரிசையின் முதலில் குரங்கு நின்றது. அதன் பின்னே, நா வறண்ட குட்டியோடு ஒரு மான். அதற்கும் பின்னே கரடியும் அணிலும்.

"இருவாச்சி அக்கா, என் கேள்வி ஒன்றே ஒன்று," என்று குரங்கு தொடங்கியது. "மாவும், பலாவும், நாவலும், அத்தியும்..."

"இதுவா ஒரு கேள்வி?" என்று கரடி உறுமியது.

"கரடியாரே, 'உம்' சேர்த்தால் நூறு பெயரையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கலாம். இலக்கணம் கற்றுக்கொண்டு வாரும்! நெல்லியும், விளாவும், கொய்யாவும்..."

வெயில் ஏறியது. மான்குட்டி துவண்டு படுத்துவிட்டது.

"அண்ணா, குட்டிக்குத் தண்ணீர் வேண்டும். சற்று வழிவிடுங்கள்," என்றது மான்.

"வாக்கியத்தின் நடுவே நுழையாதே, அம்மா!"

பழமரங்களின் பெயர் தீர்ந்துவிட்டது. ஆயினும் முறையை விட்டுக்கொடுக்கக் குரங்குக்கு மனமில்லை. "வேம்பும், எட்டியும்..." என்று இழுத்தது.

மான் பணிவோடு கேட்டது: "இலக்கணம் அறிந்தவரே, பயனிலை இல்லாமல் வாக்கியம் முற்றுப்பெறுமா?"

"பெறாது!"

"முற்றுப்பெறாத வாக்கியம் கேள்வி ஆகுமா?"

"எப்படி ஆகும்?" என்று சொன்ன குரங்கு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது.

"அப்படியானால் நீ இன்னும் எதையும் கேட்கவே இல்லை," என்றது இருவாச்சி. "நீ கேட்கும்வரை நான் சும்மா இருப்பானேன்? மானே, நீ கேள்."

"நீர் எங்கே ஊறுகிறது?"

"யானைப்பாறைக்குக் கிழக்கே."

மான் குட்டியை எழுப்பி அழைத்துக்கொண்டு விரைந்தது.

குரங்குக்கோ, அடுக்கிய பெயர்கள் குழம்பிவிட்டன. ஒன்றும் விடுபடக் கூடாதென்று, "மாவும், பலாவும்..." என்று முதலிலிருந்து தொடங்கியது. அதற்குள் கரடி நாவலைக் கேட்டுப் போயிற்று. அணில் அத்தியைக் கேட்டுப் போயிற்று. பின்னால் வந்து சேர்ந்தவர்களும் ஒவ்வொன்றாய்க் கேட்டுப் போனார்கள்.

"...எங்கே பழுத்திருக்கின்றன?" என்று குரங்கு மூச்சிரைக்க முடித்தபோது, மாலை ஆகிவிட்டது.

"மற்றவற்றை எல்லாம் தின்று தீர்த்துவிட்டார்கள். நீ சொன்னவற்றுள் ஒன்றுதான் பழுத்து மிஞ்சியிருக்கிறது," என்றது இருவாச்சி.

"எது, அக்கா?"

"எட்டி."

நீதி: பொதுவானதைத் தன் ஒருவனுக்கே வளைத்துக்கொள்ள முயல்பவன், தனக்குரிய பங்கையும் இழப்பான்.