போதகரின் எபிரேயம்

துரைப்பழம் போதகர் கொஞ்சம் எபிரேயம் படித்துவிட்டு வந்ததிலிருந்து சபைக்கு நிம்மதி போயிற்று. அன்று கல்யாணப் பெண் பீடத்துக்கு முன் வந்து நின்றதும் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"கண்ணில் என்ன, மையா? எபிரேயத்தில் இதற்குப் 'பூக்' என்று பேர். குடும்பப் பெண் தொடக்கூடாத பூச்சு. துடைத்துவிட்டு வந்தால்தான் தாலி."

பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளிறிப்போனது. பெண்ணுக்கு மையிட்டுவிட்ட ஞானப்பூ மட்டும் ஈரத்துண்டோடு பணிவாக முன்னே வந்தாள்.

"தெரியாமப் போச்சு ஐயா. அந்த வார்த்தைக்குக் கண்மை மட்டுந்தான் அர்த்தமா?"

மேதாவித்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் வாய்க்குமா? போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கண் என்ன, முகத்தில் எங்கே பூசினாலும் அதுதான். ஆண்டவர் கொடுத்ததைக் கறுப்புப் பூசி மறைப்பதெல்லாம் பூக். அதோடு யாரும் பீடத்தண்டை வரக்கூடாது."

"எல்லாரும் கேட்டியளா?" என்ற ஞானப்பூ, துண்டைப் பெண்ணிடம் கொடுக்காமல் போதகரிடம் நீட்டினாள். சித்திரைப் புழுக்கத்தில் அவருடைய மீசைச் சாயம் கரைந்து, உதட்டோரமாக வழிந்து, வெள்ளை அங்கியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ மொதல்ல நீங்க தொடைங்க ஐயா. பொறவு பொண்ணு தொடைப்பா."

போதகர் துண்டை வாங்கவில்லை, புத்தகத்தைத்தான் திறந்தார். தாலி ஏறி முடியும்வரை அவர் வாயிலிருந்து தமிழைத் தவிர வேறெதுவும் வரவில்லை.